பத்து நாள் முகாமும் ஒரு ஜோடி முழங்காலும்

பங்குனி பாதி கடந்துவிட்டால் போதும், போன் வர ஆரம்பித்துவிடும். “டீச்சர், இந்த லீவுக்கு கேம்ப் உண்டா? கடைசி நாள் மேடை உண்டா?” இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வரும். முகாம் உண்டு, மேடை இல்லை என்பேன். “அப்பாகிட்ட கேட்டுட்டு சொல்றேன்” என்று பாதிப் பேர் வைத்துவிடுவார்கள். அப்புறம் கூப்பிட மாட்டார்கள்.

கும்பகோணத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுக்கிறேன். ஆரம்ப வருஷங்களில் நானும் மேடை போட்டவள்தான். பத்து நாள், தினம் இரண்டு மணி நேரம், ஆக மொத்தம் 20 மணி நேரம். மேடை என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த இருபதும் அதற்கே போய்விடும். ஒரு பாட்டு, அதற்கு மனப்பாடமாக நாலு அசைவு, வாடகை டிரஸ், மேக்கப்காரர், சலங்கை. தஞ்சை அரண்மனையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் கச்சேரிக்கு வகுத்துக்கொடுத்த வரிசையைத்தான் இன்றும் மார்க்கம் என்கிறோம். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவுக்கு வரும் வரிசை அது. அந்த வாசற்படியான அலாரிப்பையே பத்து நாளில் ஏற்றிவிடுகிறோம் என்று இப்போது நோட்டீஸ் அடிக்கிறார்கள். என் வாத்தியார் எனக்கு முதல் நாலு மாசம் தட்டடவை, அதாவது பாதத்தைத் தரையில் தட்டும் முதல் பயிற்சியை, தாண்டவில்லை. இதைப் பழம்பெருமைக்காகச் சொல்லவில்லை. பிள்ளையின் கால் பழக அவ்வளவு நாள் ஆகும், அதனால் சொல்கிறேன்.

நான் திருந்தியது ஒரு ஒன்பது வயதுப் பெண்ணால். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹாலை வாடகைக்குப் பிடித்திருந்தேன். வாடகை குறைவு, இடமும் பெரிசு. மே மாசம், காலை 10 மணி வகுப்பு. கால் நீட்டி ஆடும் நாட்டடவு போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது வரிசையில் நின்ற அந்தப் பெண்ணுக்கு உதட்டைச் சுற்றி வெளுத்துப் போயிருந்தது. நான் தாளம் போடும் தட்டுக்கழியை நிறுத்தவில்லை. இன்னும் ஒரு சுற்று முடியட்டும் என்று நினைத்தேன். அதற்குள் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து, கீழ் வீட்டுத் திண்ணைக்குத் தூக்கிப்போய் விசிறினோம். பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டாள். காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். “ஏன் கண்ணு சொல்லலை?” என்று கேட்டேன். “நீங்க திட்டுவீங்கன்னு” என்றாள். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து என் திட்டம் கூரையிலிருந்து தொடங்குகிறது. தகரமும் ஆஸ்பெஸ்டாஸும் வேண்டாம். கீற்றுக் கொட்டகை கிடைத்தால் நல்லது. மெத்தைக் கட்டடம் என்றால் கீழ்த்தளம்தான். கத்திரி வெயில் மே 4 வாக்கில் பிறந்து 28 வாக்கில் முடிகிறது. அதற்கு முன்பே முகாமை முடித்துவிடப் பார்ப்பேன். காலை 7 மணிக்குத் தொடக்கம், 9 மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். வந்ததும் “என்ன சாப்பிட்ட?” என்றுதான் முதலில் கேட்பேன். இரண்டு இட்லியாவது இறங்காமல் யாரும் அரைமண்டியில், அதாவது முட்டியைப் பக்கவாட்டில் மடக்கிப் பாதி உட்கார்ந்த நிலையில், நிற்பதில்லை. சாப்பிடாமல் வருகிறவர்களுக்காக ஒரு டப்பாவில் வாழைப்பழம் இருக்கும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், தண்ணீர். நடுவில் உப்புப் போட்ட நீர்மோர். அலமாரியில் ஓஆர்எஸ் பொட்டலமும் உண்டு. பெரிய பொட்டலத்தை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்கக் கூடாது.

தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்று பிள்ளை சொன்னால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, மயங்கினாலோ விஷயம் வேறு. உடனே 108. வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அடுத்தது தரை. மரத்தளம் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நம் ஊரில் அதற்கு எங்கே போவது? கிடைப்பது சிமெண்ட், டைல்ஸ், இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்துக் கிரானைட். சரி, தரையை மாற்ற முடியாது, தட்டுகிற கணக்கை மாற்றலாம். நொடிக்கு ஒரு தட்டு என்று வைத்தாலே, நாற்பது நிமிடம் தட்டடவு போட்டால் 2,400 தட்டு. வெறுங்காலில், சிமெண்டில், நேற்றுவரை நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சை எழுதிய பிள்ளை! என் முகாமில் தட்டடவு ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் இரண்டு தவணையாக. மூன்றாம் காலம் என்னும் அதிவேகம் கிடையாது, முழுக்க உட்காரும் முழுமண்டி கிடையாது. ஜமுக்காளம் விரித்தால் கால் வலிக்காது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வழுக்கும், கணுக்கால் பிசகும்.

பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை எலும்பு வேகமாக வளரும் காலம். முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு சின்ன மேடு இருக்கும். தொடைத் தசையின் இழுப்பெல்லாம் அங்கேதான் வந்து சேரும். அந்த இடம் வீங்கி, தொட்டால் வலிக்கும் தொல்லைக்கு டாக்டர்கள் ஆஸ்குட் ஷ்லாட்டர் என்று பெயர் சொல்வார்கள். ஓட்டக்காரப் பிள்ளைகளுக்கும் வரும், ஆடுகிறவர்களுக்கும் வரும். ஓய்வு கொடுத்தால் தணியும். ‘பழகினா சரியாப் போயிடும்’ என்று விரட்டினால் வளரும். போன வருஷம் வேறொரு ஊர் முகாமில் படித்துவிட்டு ஒரு பையன் என்னிடம் வந்தான். பத்து நாளில் அலாரிப்பு முடித்தவன். அரைமண்டியில் உட்காரச் சொன்னேன். பாதம் இரண்டும் அழகாகப் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, முட்டி மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவனைப் பாதத்தைத் திருப்பச் சொல்லியிருக்கிறார்கள், தொடை மூட்டிலிருந்து திருப்பச் சொல்லவில்லை. நடுவில் முறுக்கிக்கொண்டது முழங்கால். பாதம் பார்க்கும் திசையை முட்டியும் பார்க்க வேண்டும். அவ்வளவு திரும்பவில்லை என்றால் பாதத்தைத்தான் குறைக்க வேண்டும். பெற்றோர் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே இலக்கணம் இது. வகுப்பு வாசலில் நின்றே பார்த்துவிடலாம்.

தட்டுவது போக மிச்ச நேரத்துக்கு என்ன செய்வது என்று இளைய டீச்சர்கள் கேட்கிறார்கள். வேலையா இல்லை! தகிட, தகதிமி, தகதகிட என்று தாளத்தின் ஐந்து எண்ணிக்கை வகைகளான ஜாதிகளையும் உட்கார்ந்தபடி கைதட்டிச் சொல்லவைத்தாலே இரண்டு நாள் ஓடும். ஒற்றைக்கை முத்திரை இருக்கிறது, கண் அசைவு இருக்கிறது. ஒரு நாள் காலை ஆறரைக்குச் சாரங்கபாணி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கோபுரத்தில் கரணம் என்னும் நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்களைக் காட்டுவேன். பத்து மணிக்குப் போனால் கல் சுட்டுப் பிள்ளைகள் சிற்பத்தைப் பார்க்காமல் தாங்களே கரணம் ஆடுவார்கள். அந்தக் கோயில் சித்திரைத் தேர், திருவையாற்று ஏழூர்ப் பல்லக்கு என்று வரும் நாட்களில் வகுப்பு வைத்து என்ன பயன்? முதலிலேயே நாட்காட்டியில் அடித்துவிடுவேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேச நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். ஒரு தடவை வகுப்பு முடிந்து மாமா என்று ஒருவர் வந்து கூப்பிட, பிள்ளையும் சிரித்துக்கொண்டே போனது. அம்மா வந்தபோது பிள்ளை இல்லை. அரை மணி நேரம் தெருவே தேடியது. வந்தவர் நிஜமாகவே மாமாதான், ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே நோட்டு போட்டேன். யார் அழைத்துப் போகலாம் என்பதைச் சேரும்போதே எழுதி வாங்குவேன். ஆட்டோக்காரர் உட்பட அதில் பெயர் இல்லாதவரிடம் அனுப்புவதில்லை. திருத்த வேண்டுமானால் என் உடம்பில் செய்து காட்டுவேன், தொட்டே ஆக வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தோளைத் தொடுவேன். எந்த நேரமும் ஹாலில் பெரியவர்கள் இரண்டு பேர். பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். ‘உள்ளே வரக்கூடாது’ என்று சொல்லும் முகாமில் சேர்க்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் செய்துவைத்துவிடுவேன்.

கடைசி நாள் மேடைக்குப் பதிலாக ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தரையில் உட்கார வேண்டும், பிள்ளைகள்தான் அன்றைக்கு டீச்சர். போன வருஷம் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியைப் பேத்தி எழுப்பி நிறுத்தினாள். நாற்று நட்டுக் களை பறித்த உடம்பு. முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரே மூச்சில் அரைமண்டியில் இறங்கிவிட்டு, “இதுக்கா டீச்சர் பத்து நாளு?” என்று கேட்டார். ஹாலே சிரித்தது. பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “அப்பாயி, பாதத்தைத் திருப்பாத. தொடையிலேருந்து திருப்பு” என்றாள்.