பெட்டி பாடக் கூடாது

நான் சிறுவனாக இருந்தபோது பாளையங்கோட்டையில் எங்கள் தெருமுனை சலூனில் ஒரு மண்பானை இருந்தது. குடிக்கிற தண்ணீருக்கு இல்லை. வாயை மேலே பார்க்க வைத்து, அந்த வாயில் ஒரு ஸ்பீக்கரைப் பொருத்தியிருந்தார்கள். டேப்ரெக்கார்டரில் பாட்டுப் போட்டால் தபேலா பானைக்குள்ளிருந்து திம் திம்மென்று எழும்பும். அந்தக் காலத்தில் டீக்கடை, சலூன் என்று பல இடங்களில் இந்தப் பானை ஸ்பீக்கர் உண்டு. பேஸ், அதாவது அந்த அடித்தொண்டை ஒலி வேண்டுமா, பானை வாங்கு. அதற்கு மேல் யாரும் காரணம் கேட்டதில்லை.

போன வருடம் மொட்டைமாடியில் பிளைவுட்டை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றும் இடுப்பளவு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள் செய்ய ஆரம்பித்தபோது, உதவிக்கு வந்த ஆசாரி கேட்டுவிட்டார். "என்ன அண்ணாச்சி, இது கோழிக்கூடா, பீரோவா? கதவையே காணோம்." ஸ்பீக்கர் பெட்டி என்றேன். "சத்தம் போடுறது அந்த ஸ்பீக்கர்தான? அதுக்கு எதுக்கு இம்புட்டுப் பெரிய பெட்டி செய்யுதீய?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல எனக்கு அன்று சாயங்காலம்வரை ஆயிற்று.

ஸ்பீக்கரில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. ஒரு காந்தம், அதன் இடைவெளியில் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் மாறி மாறிப் பாய, கூம்பு முன்னும் பின்னும் ஆடிக் காற்றைத் தள்ளுகிறது. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925ல் வெளியிட்ட அமைப்பு இது. இன்றைய ஸ்பீக்கரும் அடிப்படையில் அதேதான்.

சிக்கல் கூம்பின் முதுகில் இருக்கிறது. முன்பக்கம் காற்றை நெருக்கும் அதே நொடியில் பின்பக்கம் காற்று தளர்கிறது. நெருக்கமும் தளர்வும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். கீச்சென்ற உயர்ந்த ஒலிக்கு இது பெரிய தொல்லை இல்லை, அதன் அலைநீளம் சின்னது. நம்மூர் வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். ஆகவே 1000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1000 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் 35 சென்டிமீட்டர். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்கு 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு ஒரு சாண் அகலக் கூம்பு ஒரு பொருட்டே இல்லை. முன்பக்கக் காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னால் ஓடிவிடும், சத்தம் எழும்பவே செய்யாது.

ஆசாரிக்கு அதைக் காட்டினேன். வூஃபர் எனப்படும் பன்னிரண்டு இஞ்ச் பேஸ் ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்துப் பாட்டுப் போட்டால் தகரடப்பா மாதிரி இருந்தது. வட்டமாக ஓட்டை போட்ட ஒரு முழுப் பலகையை அதன் முகத்தில் வைத்து அழுத்தியதும் பேஸ் வந்தது. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே வேலி போட்டதுதான் வித்தியாசம். அந்த வேலியை நாலு பக்கமும் மடித்து மூடினால் பெட்டி.

முழுக்க மூடிவிட்டால் பின்பக்க ஒலி உள்ளேயே கிடக்கும். ஆனால் அடைபட்ட காற்று ஒரு ஸ்பிரிங். பெட்டி சின்னதாக ஆக ஆக அது விறைத்து, கூம்பை ஆடவிடாமல் பிடிக்கும். எட்கர் வில்ச்சர் என்ற அமெரிக்கர் 1954ல் இந்தக் குறையையே வசதியாக மாற்றி, தொளதொளவென்ற கூம்பைச் சின்னப் பெட்டியில் வைத்துக் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். நல்ல யோசனைதான். எனக்கு ஆசை வேறு ஒன்றில்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்டவர்களுக்குக் குடம் தெரியும். குடக்காரர் மட்டையால் குடத்தின் வாயில் அறைந்தால் கும்மென்று ஓர் ஒலி வரும். அது மண்ணின் ஒலி இல்லை, உள்ளே இருக்கும் காற்றின் ஒலி. குடத்தின் கழுத்தில் இருக்கும் காற்று ஒரு எடைக்கல் மாதிரி, வயிற்றில் இருக்கும் காற்று ஸ்பிரிங் மாதிரி. தட்டினால் எடை ஸ்பிரிங்கின் மேல் ஆடும். வயிறு பெரிதானால் ஒலி தாழும், கழுத்து நீண்டாலும் தாழும், வாய் அகலமானால் உயரும். இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். குழாயடியில் குடம் நிரம்ப நிரம்பச் சத்தம் ஏறிக்கொண்டே போவதும் இதனால்தான். உள்ளே காற்றுக்கு இடம் குறைகிறது.

பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் தூராஸ் 1932ல் காப்புரிமை பெற்றது, ஸ்பீக்கர் பெட்டியையே இப்படி ஒரு குடமாக்கும் யோசனைக்கு. பெட்டியில் ஒரு ஓட்டை, ஓட்டையில் ஒரு குழாய். வீணாகப் போகும் பின்பக்க ஒலியை அந்தக் குழாய் வழியாக வெளியே எடுத்து, முன்பக்க ஒலியோடு சேர்த்துவிடலாம்.

நில்லுங்கள், பின்பக்க ஒலி வெளியே வந்தால் முன்பக்கத்தைத் தின்றுவிடும் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்? இங்கேதான் வேடிக்கை. ஒரு ரப்பர் பேண்டில் எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் பழமும் கூடவே போகும். கொஞ்சம் வேகமாக ஆட்டினால், ஒரு கட்டத்தில் பழம் துள்ளிக் குதிக்கும். அதையும் தாண்டி ஆட்டினால் கை மேலே போகும்போது பழம் கீழே வரும், திசை தலைகீழ். குழாய்க்குள் இருக்கும் காற்றும் அந்தப் பழம் மாதிரிதான். குடத்தின் சொந்தச் சுருதிக்கு மேலே உள்ள ஒலிகளில் அது திசையைப் புரட்டிவிடும். ஏற்கெனவே தலைகீழாக இருந்த பின்பக்க ஒலி இன்னொரு முறை தலைகீழானால் முன்பக்கத்தோடு ஒத்துப்போகும். சுருதிக்குக் கீழே போனால் புரட்டல் இல்லை, வெறும் ஓட்டைதான். அங்கே பேஸ் செங்குத்தாகச் சரியும், கூம்பும் பிடிமானம் இல்லாமல் அடித்துக்கொள்ளும்.

சரியாக அந்தச் சுருதியில் என்ன நடக்கும்? குழாய்க் காற்று முழுவேகத்தில் ஆட, பெட்டிக்குள் அழுத்தம் ஏறிக் கூம்பை எதிர்த்துப் பிடிக்கும். கூம்பு கிட்டத்தட்ட நின்றுவிடும். ஒலி வந்துகொண்டிருக்கும், ஆனால் குழாயிலிருந்து.

என் பெட்டியின் கணக்கு இது. உள்ளளவு 40, 36, 72 சென்டிமீட்டர், சுமார் 104 லிட்டர். ஸ்பீக்கரும் உள்ளே அடித்த மரச் சட்டங்களும் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ள, மிச்சம் 100 லிட்டர். சுருதி 35 ஹெர்ட்ஸ் வேண்டும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ், ஆகவே இது போதும். உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பிவிசி பைப் என்றால் நீளம் 20 சென்டிமீட்டர் வருகிறது. ஆனால் பைப்பின் இரு வாயிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றும் சேர்ந்து ஆடும், அதற்காக 7 சென்டிமீட்டர் கழிக்க வேண்டும். வெட்ட வேண்டியது 13. இந்தக் கழித்தலைத் தெரியாமல் என் முதல் பெட்டியில் ஒன்றரை இஞ்ச் பைப்பை வேறு சொருகியிருந்தேன். ஒல்லிப் பைப்பில் காற்று புஸ் புஸ்ஸென்று சீறியது. பேஸ் வரும்போதெல்லாம் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி.

எந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் என்பதை முன்பெல்லாம் தட்டுத்தடுமாறித்தான் கண்டுபிடித்தார்கள். ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதைச் சூத்திரங்களாக்கினார்கள். ஸ்பீக்கரோடு வரும் தாளில் உள்ள எண்களைப் போட்டால் இலவச மென்பொருளே அளவைச் சொல்லிவிடும். தாள் இல்லாமல் விற்கும் ஸ்பீக்கரை வாங்காதீர்கள்.

ஆசாரியின் கேள்விக்கு வருவோம். ஏன் இம்புட்டுப் பெருசு? தாழ்ந்த பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம். இந்த மூன்றில் எதையாவது இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஹாஃப்மன் என்ற பொறியாளரின் பெயரில் இதை இரும்பு விதி என்கிறார்கள். மின்சாரத்தைக் கூட்டாமல் ஒரு ஸ்தாயி, அதாவது பாதி அதிர்வெண்ணுக்குக் கீழே இறங்க வேண்டுமென்றால் பெட்டி எட்டு மடங்கு பெரிதாக வேண்டும். கைக்குள் அடங்குகிற புளூடூத் ஸ்பீக்கர் எவ்வளவு முக்கினாலும் தவிலின் இடந்தலைப் பக்கத்தை முழுசாகத் தராது.

இனி மரம். வீணைக்குப் பலாமரம் தேடுகிறவர்கள் பாடுகிற மரத்தைத் தேடுகிறார்கள். நெல்லையப்பர் கோயிலில் கல்லே பாடுகிறது, தூணைத் தட்டினால் சுரம் வரும். நமக்கு வேண்டியது நேர்மாறு. ஒலியைக் காற்றும் கூம்பும் பார்த்துக்கொள்ளட்டும், மரம் ஊமையாகக் கிடக்க வேண்டும். பெட்டியின் பக்கப் பலகை அதிர்ந்தால் ஒவ்வொரு பாட்டிலும் அதன் சொந்த ராகமும் கலந்துவிடும். ஆண்குரல் எல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடும்.

ஊமையாக்க எடையைவிட விறைப்புதான் முக்கியம். முக்கால் இஞ்ச் பிளைவுட் எடுத்து, அகலப் பலகைகளுக்கு நடுவே உள்ளே குறுக்குச் சட்டம் அடித்தோம். நீண்ட பலகையின் அகலத்தைச் சட்டம் பாதியாக்கினால் அதன் அதிர்வெண் ஏறக்குறைய நாலு மடங்கு மேலே போய்விடும். அங்கே பேஸின் பலம் எட்டாது. பானைக்குச் சட்டமே தேவைப்படாததும் இதனால்தான், வளைவே அதற்கு விறைப்பு. விரல் முட்டியால் தட்டி, தொம்மென்று இருந்த இடமெல்லாம் டொக்கென்று ஆகும்வரை ஆசாரி சட்டம் அடித்தார். சொல்லப்போனால் அவர் காது என்னுடையதைவிடக் கூர்மை. ஒரு பெட்டி வெறும் மரம் மட்டும் இருபது கிலோ பக்கம் வந்தது.

மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் நல்ல ஊமைதான், விலையும் குறைவு. ஆனால் திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவரின் எம்டிஎஃப் பெட்டிகள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் கல்லிடைக்குறிச்சி அப்பளம் பொரிந்த மாதிரி உப்பிவிட்டன. அதற்கப்புறம் நான் பிளைவுட்காரன். அதே நண்பர் முன்பு முகப்புத் துணிக்குப் பதில் பத்தமடைப் பாயை மாட்டிப் பார்த்தவர். பார்க்க அத்தனை அழகு. நெருக்கமான நெசவில் உயர் ஒலியெல்லாம் அடைபட்டுப்போக, பாடகர் பாய்க்குப் பின்னால் படுத்துக்கொண்டு பாடினார்.

உள்ளே இலவம்பஞ்சு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி முன்னும் பின்னும் மோதி நிலையான அலையாகும். 72 சென்டிமீட்டர் உயரத்துக்கு அது சுமார் 240 ஹெர்ட்ஸ், குரல் இருக்கும் இடம். சுவரை ஒட்டிக் காற்று அசைவதே இல்லை, நடு உயரத்தில்தான் மிக வேகமாக ஆடும். ஆகவே பஞ்சைச் சுவரில் மட்டும் ஒட்டாமல் நடுவிலும் கட்டித் தொங்கவிட வேண்டும், குழாயின் வாயை அடைக்காமல்.

மூட்டுகளில் ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசி, மறுநாள் 40 ஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு ஊதுபத்தியை ஒவ்வொரு மூட்டாகக் காட்டினேன். ஒரு மூலையில் புகை துடித்தது, அங்கே இன்னொரு பூச்சு. அப்புறம் செல்போனில் ஒலியை 50லிருந்து மெல்ல இறக்கினேன். கூம்பின் ஆட்டம் குறைந்துகொண்டே வந்து 36க்குப் பக்கத்தில் நின்றேபோனது. குழாயின் வாயில் பிடித்த காகிதம் படபடவென்று அடித்தது. ஆசாரி கூம்பைத் தொட்டுப் பார்த்தார், குழாய்க்குள் கையை விட்டுப் பார்த்தார். "இது குடம்லா அண்ணாச்சி!" என்றார்.

கீழே அடுக்களையிலிருந்து அம்மா சத்தம் போட்டாள். "ஏல, தம்ளரெல்லாம் தன்னால ஆடுது, என்னல செய்யுத மேல?"