டென்ஷன்ல ஏறின பிரஷர்

"டென்ஷன்ல ஏறியிருக்கும் சிஸ்டர், வீட்டுல நல்லாத்தான் இருக்கும்." சிங்கப்பூரின் பலதுறை மருந்தகத்தில் பிரஷர் பார்க்கும் எந்தத் தாதிக்கும் இந்த வசனம் மனப்பாடம். பஸ் தாமதம், வேலையிடத்திலிருந்து வாட்ஸ்அப், பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ தேர்வு என்று காரணங்களும் கூடவே வரும். வீட்டில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டால், பலரிடம் கருவியே இருக்காது.

அவர்கள் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. மனம் பதறினால் உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கும். இதயம் வேகமாகவும் பலமாகவும் துடிக்கும், சிறிய ரத்தக் குழாய்கள் பல சுருங்கும். அப்புறம் அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்?

1983இல் வெளிவந்த ஓர் இத்தாலிய ஆய்வில், ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியைப் பொருத்தி அளந்தார்கள். மருத்துவர் கட்டிலருகே வந்த சில நிமிடங்களில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் சராசரியாக 27 புள்ளி வரை கூடியது. பிறகு அதே குழுவினர் தாதியை அளக்கச் சொல்லிப் பார்த்தபோது, ஏற்றம் ஏறக்குறைய பாதிதான். (இதை எங்கள் தொழிலுக்குக் கிடைத்த நற்சான்றிதழாகவே வைத்துக்கொள்கிறேன்.)

சரி, டென்ஷனில் ஏறியது டென்ஷன் அடங்கினால் இறங்க வேண்டுமே. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து மறுபடி அளக்கிறோம். அப்போதும் 160, அடுத்த முறை வந்தபோதும் 160 என்றால், பழியை இன்னும் பஸ் மேல் போடுவது நியாயமில்லை.

எனக்கு அதிகக் கவலை தருபவர்கள் இதற்கு நேர் எதிரானவர்கள். விடுப்பு எடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்து, நிதானமாக வருவார்கள். இங்கே 128. வேலை நாளில் 150ஐத் தாண்டும், அதை யாரும் பார்ப்பதில்லை. மறைந்திருக்கும் இந்த உயர் ரத்த அழுத்தமும் இதயத்தையும் மூளையையும் பாதிக்கும். இரவு வேலை பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன்மார்களுக்கு இன்னொரு சிக்கல். தூக்கத்தில் அழுத்தம் 10 முதல் 20 விழுக்காடு இறங்குவது இயல்பு. தூக்கம் கெட்டால் அந்த ஓய்வும் கெடும்.

"பல்ஸ் 72தானே, அப்போ பிரஷரும் சரியா இருக்கும்" என்று ஓர் அங்கிள் என்னிடம் வாதாடியிருக்கிறார். இரண்டும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. குழாய்கள் இறுகி, துடிப்பு அதிகம் மாறாமலே அழுத்தம் ஏறலாம். பிசோப்ரோலால், அட்டெனலால் போன்ற, இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு பதற்றத்திலும் துடிப்பு பெரிதாக ஏறாது.

அதனால் வீட்டில் அளப்பதுதான் வழி. மேற்கையில் கட்டும் கருவி வாங்குங்கள். காலையில் மாத்திரைக்கும் கோப்பிக்கும் முன்னால், கழிப்பறை போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, கால்களைப் பின்னாமல் உட்காருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, மாலையிலும் அப்படியே. ஒரு வாரம் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டுச் சராசரி பாருங்கள். அது 135/85ஐத் தொட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். டென்ஷனான நேரத்து எண்ணையும் எழுதுங்கள், ஆனால் தனியாக.

மூச்சை மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற கணக்கில் விட்டால் துடிப்பும் அழுத்தமும் சற்றுத் தணியும். நானே பரபரப்பான நாட்களில் செய்கிறேன். ஆனால் அது மாத்திரைக்கு மாற்று இல்லை. "இப்ப டென்ஷன் இல்ல, அதான் நிறுத்திட்டேன்" என்று சொல்லி வருபவர்களிடம்தான் எனக்கே பிரஷர் ஏறுகிறது.

கருவி 180/120க்கு மேல் காட்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, பேச்சுக் குழறல் என ஏதாவது ஒன்று இருந்தால், டென்ஷன் அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.