கௌபாய்: தமிழில் என்ன சொல்வது?

ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையில் வந்த ‘கங்கா’ வெளியானது 1972இல். அன்றிலிருந்தே நமக்குக் கௌபாய் என்றால் கௌபாய்தான்.

சொல்லைப் பிரித்தால் மாட்டுக்காரப் பையன். அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் மாடு மேய்க்கும் சிறுவனை அப்படி அழைத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரின்போது நியூயார்க் பக்கம் பிரிட்டிஷாருக்கு ஆதரவாக மாடு திருடியவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1880களில்கூட அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் ஒருவரைக் கௌபாய் என்றால் அது வசவு, மாட்டுக் கள்ளன் என்று அர்த்தம்.

தொழில் வந்த வழி வேறு. ஸ்பானிய மொழியில் வாக்கா என்றால் பசு, வாக்கேரோ என்றால் மாட்டுக்காரர். மெக்சிகோ வாக்கேரோக்களிடமிருந்துதான் டெக்சாஸ்காரர்கள் வேலையைக் கற்றார்கள். லாசோ (சுருக்குக் கயிறு), ராஞ்ச் (மாட்டுப் பண்ணை), ரோடியோ (கௌபாய்களின் வித்தைப் போட்டி) எல்லாம் அங்கிருந்து வந்த சொற்களே. வாக்கேரோவையே வாய்க்கு வந்தபடி ‘பக்கரூ’ ஆக்கியும் விட்டார்கள். தொழில் கற்றுக்கொடுத்த மெக்சிகோக்காரர் பல படங்களில் வில்லனாகவோ கோமாளியாகவோ வந்துபோவது தனிக் கொடுமை.

டெக்சாஸ் மாடுகளைக் கான்சாஸ் ரயில் நிலையங்களுக்கு ஓட்டிப்போன காலம் 1866இல் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுதான். முள்கம்பி வேலியும் புதிய ரயில் பாதைகளும் அதை முடித்துவைத்தன. ‘கன்ஸ்மோக்’ என்ற கௌபாய் தொலைக்காட்சித் தொடரும் 1955 முதல் 1975 வரை 20 ஆண்டுகள் ஓடியது, 635 பகுதிகள். நிஜம் நடந்த அளவுக்கு நாடகமும் நடந்திருக்கிறது! பழைய கௌபாய் படங்களை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த இரண்டாவது 20 ஆண்டுக்குத்தான் ஏங்குகிறார்கள்.

சரி, தமிழ்ச் சொல்? ஆயர், இடையர் என்றால் முல்லை நிலத்துக் குழலோசை கேட்கும், குதிரைக் குளம்பொலி கேட்காது. கோவலன் என்பதற்கும் மாடு மேய்ப்பவன் என்றே பொருள், ஆனால் சொன்ன மாத்திரத்தில் கண்ணகி வந்து நிற்பாள். என்னைக் கேட்டால், கூலிக்கு மாடு ஓட்டிய டெக்சாஸ் ஆளை மாட்டுக்காரர் என்றே எழுதலாம். திரையில் வருகிறவன் கௌபாயாகவே இருக்கட்டும்.

அப்புறம், இந்தப் படங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘வெஸ்டர்ன்’ என்ற பெயரை மேற்கத்தியப் படம் என்று மாற்றுவது குழப்பம். லண்டனில் நடக்கும் காதல் கதையும் நமக்கு மேற்கத்தியப் படம்தானே? இங்கே மேற்கு என்பது மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால். ‘கௌபாய் படம்’ போதும்.

ஒன்றுக்கு மட்டும் நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. எதிரியின் மாடுகளைக் கவர்வது வெட்சி, விரட்டிப்போய் மீட்பது கரந்தை என்கிறது புறப்பொருள் வெண்பாமாலை என்ற பழைய இலக்கண நூல். பாதி கௌபாய் படங்களின் கதையே இதுதான். மாடு கவர்தலுக்கு ‘ஆகோள்’ என்றும் பெயர். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகல்லில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் அந்தச் சொல்லே இருக்கிறது. டப்பிங் படத்தில் அதைப் போட்டால் தியேட்டரில் எத்தனை பேருக்குப் புரியும் என்பது வேறு விஷயம்.