நாலு குத்தில் அடங்கும் சுவர்க்கோழி

விளக்குமாற்றோடு எவ்வளவு மெதுவாகப் போனாலும் சுவர்க்கோழி முன்பே தெரிந்துகொண்டு துள்ளிவிடும். அதன் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மெல்லிய வால்களைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான நுண்முடிகள் அவற்றில் இருக்கின்றன. காற்று லேசாக அசைந்தாலே முடி சாயும், நரம்பு விழிக்கும், கால் பாயும்.

இப்படிப்பட்ட உஷார்ப் பூச்சியைப் பிடித்துத்தான் லிரிஸ் நைகர் என்ற கறுங்குளவி தன் குஞ்சுகளை வளர்க்கிறது. மத்தியதரைக்கடல் பகுதியில் வாழும் இந்தக் குளவி, தன் இரையைவிடச் சிறியது. தரையில் ஓடித்தான் வேட்டையாடும். அந்த ஓட்டத்தில் எழும் காற்றே அதைக் காட்டிக்கொடுத்துவிடுவதும் உண்டு. சுவர்க்கோழி தப்பி ஓடும்; முடியாவிட்டால் தலையைத் தரையில் ஊன்றி, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு உதைக்கும். அந்த உதை சாதாரணமானதல்ல.

அதனால்தானோ என்னவோ, முதல் குத்து பின்னங்காலின் அடியில் விழுகிறது. காலும் உடலும் சேரும் இடத்தில் ஓடு மென்மையாக இருக்கும். அதற்கு நேர் உள்ளேதான் அந்தக் கால்களை ஆட்டுவிக்கும் நரம்பு முடிச்சு. அப்புறம் மற்ற இரண்டு ஜோடிக் கால்களுக்கான முடிச்சுகளுக்கும் ஆளுக்கொரு குத்து. நாலாவது, தொண்டையில்.

நரம்பு செல்லுக்குள் சோடியம் அயனிகள் பாய்ந்தால்தான் மின்சைகை கிளம்பும். குளவியின் விஷம் அந்தப் பாய்ச்சலைத் தடுக்கிறது. ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குச் செய்தி தாவுவதும் நின்றுபோகிறது. சுவர்க்கோழி மல்லாந்து கிடக்கும்.

ஆனால் இந்த முடக்கம் சில நிமிடங்களுக்குத்தான்! குளவிக்கு அது போதும். உணர்கொம்பைக் கவ்வி இரையை வளைக்கு இழுத்துப் போய், முன்னங்காலருகே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு, மண்ணும் குப்பையும் போட்டு வாயிலை அடைத்துவிடும்.

விஷம் தணிந்ததும் சுவர்க்கோழி எழுந்து நிற்கும். தள்ளினால் நடக்கும், புரட்டிப் போட்டால் நிமிரும். தானாக மட்டும் எதையும் செய்யாது. வால் முடிகளில் காற்று பட்டாலும் ஓடத் தோன்றாது. தொண்டையில் விழுந்த அந்தக் கடைசிக் குத்தின் வேலை இது என்கிறார்கள் ஆய்வாளர்கள். குளவிக்கு இதில் லாபம்தான்: செத்த பூச்சி அழுகிவிடும், இது அழுகாது.

முட்டை பொரிந்து புழு வாய் வைக்கும்போது, அதை உதறித் தள்ளக்கூடிய கால்கள் ஆறும் சுவர்க்கோழியிடம் நல்லபடியாகவே இருக்கின்றன.