காரீயம் ஏன் வழுக்குகிறது, எப்படி மின்சாரம் கடத்துகிறது?

பென்சிலுக்குள் இருக்கும் காரீயமும் மோதிரத்தில் இருக்கும் வைரமும் ஒரே காபன்தான் என்று பாடசாலையில் எல்லோரும் படித்திருக்கிறோம், படித்து அதோடு விட்டும்விட்டோம். எனக்கு வைரத்தை விடக் காரீயம்தான், அதாவது கிரபைட்தான், சுவாரசியமான பொருள். தாளில் உரசினாலே தேய்ந்து ஒட்டிக்கொள்ளும் இந்தச் சாமான்தான் உருகிய பித்தளையைத் தாங்கும் மூசையாகிறது, அதாவது உலோகம் உருக்கும் பாத்திரமாகிறது, பூட்டுக்குள் எண்ணெய்க்குப் பதிலாக வேலை செய்கிறது, கையில் இருக்கும் ஃபோனின் பட்டரிக்குள்ளும் இருக்கிறது. இத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: காரீயத்தின் குணம் திசைக்குத் திசை மாறும்.

உள்ளே காபன் அணுக்கள் தேன்கூடு மாதிரி அறுகோணம் அறுகோணமாகப் பின்னி, மெல்லிய தகடுகளாக அடுக்கிக் கிடக்கின்றன. ஒரு தகட்டுக்குள் அணுவுக்கும் அணுவுக்கும் இடைவெளி 0.142 நனோமீற்றர், அங்கே பிணைப்பு வைரத்தில் உள்ளதை விடவும் பலமானது. தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையிலோ 0.335 நனோமீற்றர், அவற்றைச் சேர்த்து வைத்திருப்பது மிக வலுக்குறைந்த கவர்ச்சி மட்டுமே. அப்புறம், ஒவ்வொரு காபனும் நான்கு பிணைப்புகள் போடக்கூடியது, இங்கே மூன்றைத்தான் பக்கத்து அணுக்களுக்குக் கொடுக்கிறது. மிஞ்சுகிற இலத்திரன் தகடு முழுக்க அலைந்து திரிகிறது, அதனால்தான் உலோகமே இல்லாத இந்தப் பொருள் மின்சாரத்தைக் கடத்துகிறது. அதுவும் தகட்டின் வழியாகத்தான் நன்றாகக் கடத்தும். தகட்டைக் குறுக்கே கடக்கச் சொன்னால் கடத்துதிறன் நூற்றுக்கணக்கான மடங்கு குறைந்துவிடும்.

வீட்டிலேயே பார்க்கலாம். மென்மையான 6B பென்சிலால் தாளில் தடித்த கோடு ஒன்றைப் பல தடவை அழுத்தி வரைந்து, 9 வோல்ட் பட்டரியோடும் ஒரு சின்ன எல்இடியோடும் தொடுத்தால் விளக்கு மங்கலாக எரியும். கோட்டை நீட்ட நீட்ட வெளிச்சம் குறையும். 2H பென்சிலால் வரைந்தால் பெரும்பாலும் எரியாது, ஏனென்றால் கடினமான பென்சிலில் களிமண் கூட, காரீயம் குறைவு. களிமண் கலந்து சுடும் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் பிரான்சின் கொன்தே, ஆண்டு 1795.

சரி, வழுக்கலுக்கு வருவோம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குகின்றன, அதனால் காரீயம் வழுக்குகிறது என்று பல புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். அது பாதிக் கதைதான். 1940களில் போர் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, அவற்றின் மின்பிறப்பாக்கிகளில் இருந்த காபன் பிரஷ்கள், அதாவது சுழலும் பாகத்தை உரசி மின்சாரத்தைக் கடத்தும் காரீயக் கட்டிகள், சில மணி நேரத்திலேயே பொடியாக உதிர்ந்தன. தரையில் மாதக்கணக்காக ஓடிய அதே பிரஷ்கள்! காரணம் குளிரும் இல்லை, வேகமும் இல்லை, அங்கே காற்றில் ஈரம் இல்லை என்பதுதான். காரீயத் தகட்டின் ஓரங்களில் இருக்கும் அணுக்கள் பிணைப்பு நிறைவடையாமல் நிற்கின்றன, அவை எதையாவது பற்றிக்கொள்ளப் பார்க்கும். சாதாரணக் காற்றில் நீராவி வந்து அந்த ஓரங்களை அடைத்துவிடுவதால் தகடுகள் ஒன்றையொன்று பிடிக்காமல் சறுக்குகின்றன. ஈரமே இல்லாவிட்டால் பிடித்து இழுத்துக் கிழித்துக்கொள்ளும். விண்வெளிக் கருவிகளுக்குக் காரீயத்தை விட்டுவிட்டு மொலிப்டினம் டைசல்பைட் என்ற வேறொரு உலர்ந்த வழுக்குப் பொருளைப் பூசுவதும் இதனால்தான்.

அந்த வகையில் கொழும்பின் புழுக்கம் காரீயத்துக்கு மிகவும் பிடித்த காலநிலை. வெள்ளவத்தையில் கடற்காற்றுப் படும் கேற்றுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டால் தூசியும் உப்பும் அதில் ஒட்டிச் சேறாகிவிடும். காரீயத் தூள் உலர்ந்தே வேலை செய்யும், தூசியைப் பிடிக்காது. ஆனால் அலுமினியத்தில் மட்டும் பூச வேண்டாம். உப்பு ஈரத்தில் காரீயமும் அலுமினியமும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன மின்கலமாகி அலுமினியத்தை அரித்துவிடும். விமானத் தொழிலாளர்கள் அலுமினியத் தகட்டில் பென்சிலால் கோடு போட மாட்டார்கள்.

பழைய சோனகத் தெருக் கடைகளில் கிரைண்டருக்கோ ட்ரில்லுக்கோ காபன் பிரஷ் என்று கேட்டால் சோடியாகத் தருவார்கள்: ஸ்பிரிங்கும் செப்புக் கம்பியும் வைத்த கறுப்புக் கட்டி. அது சுழலும் செப்பு உருளையை உரசியே மின்சாரத்தைக் கொடுக்கிறது. நன்றாக ஓடும் மோட்டரைக் கழற்றிப் பார்த்தால் அந்தச் செம்பின் மேல் கபில நிறத்தில் வழவழப்பான படலம் தெரியும். செப்பு ஒட்சைட்டும் காரீயமும் ஈரமும் சேர்ந்து உண்டானது அது, தேய்மானத்தைக் குறைப்பதே அதுதான். அழுக்கு என்று நினைத்து சாண்ட் பேப்பரால் சுரண்டிவிடாதீர்கள்.

வெப்பத்துக்கு வந்தால், வளிமண்டல அமுக்கத்தில் காரீயம் உருகாது, 3,600 பாகை செல்சியசைத் தாண்டி நேரே ஆவியாகும். சூட்டை வேகமாகக் கடத்துவதால் திடீர்ச் சூட்டில் வெடிக்காது. இந்தக் குணத்துக்காகத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகின் மூசைத் தொழில் இலங்கையைத் தேடி வந்தது. கொழும்பில் இருந்த முற்றங்களில் பெண்கள் பெருமளவில் உட்கார்ந்து கட்டிகளை வெட்டி, சலித்து, தரம் பிரித்தார்கள். பீப்பாய்களில் அடைத்து லண்டனின் பட்டர்சீயில் இருந்த மூசைத் தொழிற்சாலைக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினார்கள். முதலாம் உலகப் போரில் அந்த வியாபாரம் உச்சத்துக்குப் போனது. அந்தப் பெண்களின் உழைப்பைப் பற்றி நாம் பேசுவதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

நம் காரீயத்தின் தனித்தன்மை அது உருவான விதத்தில் இருக்கிறது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பாறைக்குள் சிதறிய செதில்களாகக் கிடைக்கும், பாறையை அரைத்துப் பிரிக்க வேண்டும். இங்கே ஆழத்தில் காபன் சுமந்த சூடான பாய்மங்கள் பாறை வெடிப்புகளுக்குள் புகுந்து அங்கேயே படிகமாகிவிட்டன, ஆகவே நரம்பு நரம்பாக, தூய கட்டியாகவே வெட்டி எடுக்கலாம். தூய்மை 95 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 99ஐயும் தொடும். கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ ஆகியவை இதற்குப் பெயர்பெற்ற சுரங்கங்கள். இந்த வகையை வணிக அளவில் தோண்டும் நாடு இலங்கை மட்டும்தான்.

தூய்மை எவ்வளவு முக்கியம் என்றால், 1942 டிசம்பர் 2இல் சிக்காகோவில் இயங்கிய முதல் அணு உலை காரீயக் கட்டிகளை அடுக்கிக் கட்டியது, அவை நியூத்திரன்களின் வேகத்தைக் குறைத்தன. ஜேர்மன் விஞ்ஞானிகள் அளந்து பார்த்த காரீயத்தில் மாசு இருந்தது, அது நியூத்திரன்களை விழுங்கியது, அவர்கள் காரீயமே சரிவராது என்று முடிவெடுத்துக் கனநீர் (கனமான ஐதரசன் கொண்ட நீர்) பக்கம் போய்விட்டார்கள்.

இன்றைய பெரிய தேவை பட்டரி. இலிதியம்-அயன் பட்டரியை சார்ஜ் செய்யும்போது இலிதியம் அயன்கள் காரீயத் தகடுகளின் இடைவெளிக்குள் புகுந்து உட்காருகின்றன, ஆறு காபனுக்கு ஒரு இலிதியம் என்ற கணக்கில். தகடுகள் பத்து சதவீதம் அளவுக்கு விலகி இடம் கொடுக்கும், பாவிக்கும்போது அயன்கள் வெளியேற மறுபடி நெருங்கும். தகடுகளை வலுவற்ற விசை பிடித்திருப்பதால்தான் இந்த விலகல் சாத்தியம், தகட்டுக்குள் பிணைப்பு பலமாக இருப்பதால்தான் ஆயிரம் தடவை செய்தாலும் உடையாமல் நிற்கிறது. முதல் சில சார்ஜ்களில் காரீயத்தின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் உண்டாகும். சூட்டில் அது தடித்துக்கொண்டே போய் இலிதியத்தைத் தின்னும். பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் ஃபோனை விட்டால் பட்டரி சீக்கிரம் கிழடாவது அதனால்தான்.

இப்படிப்பட்ட பட்டரியில் எடைக்கணக்கில் இலிதியத்தை விடக் காரீயமே கூட. 2023 டிசம்பரிலிருந்து சீனா சிலவகைக் காரீயத்தை ஏற்றுமதி செய்ய அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றதும் உலகம் பதறியது. உலகில் வருடத்துக்குப் பத்து இலட்சம் தொன்னுக்கும் மேல் தோண்டுகிறார்கள், நம்முடையது சில ஆயிரம் தொன்தான், ஆகவே அளவில் போட்டிபோட முடியாது. ஆனால் 2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இரு விஞ்ஞானிகள் ஒட்டும் டேப்பால் உரித்தெடுத்த ஒற்றைத் தகடு, அதாவது கிரபீன், வேறு விஷயம். அதில் தூய மூலப்பொருள்தான் முக்கியம், ஹோமாகமவில் உள்ள ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் இலங்கைக் காரீயத்திலிருந்தே அதைத் தயாரிக்கும் வேலையைச் செய்திருக்கிறது. கிரபீனை மிகச் சிறிதளவு கலந்தாலே இறப்பர் பலப்படும், இறப்பரும் இங்கேயே பால் வெட்டிக் கிடைக்கிறது, திண்ம டயர் செய்து ஏற்றுமதி செய்யும் அனுபவமும் இருக்கிறது. கட்டியாக ஏற்றி அனுப்புவதை விட இந்த வழியில் நம் பிள்ளைகளுக்கு ஆய்வுகூட வேலை கிடைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.