வெயிட்: காவல் காத்த சொல்

அக்கா மகளுக்கு ஓர் ஓட்டலில் வரவேற்பு மேசை வேலை கிடைத்திருக்கிறது. முதல் வாரமே வெளிநாட்டு விருந்தினர் ஒருவரிடம் 'ப்ளீஸ் வெயிட்' என்று சொல்லியிருக்கிறாள். மேலாளர் தனியே கூப்பிட்டு, இனி அப்படிச் சொல்லாதே என்றாராம். "ப்ளீஸ் போட்டுத்தானே சொன்னேன், அதில் என்ன தப்பு சித்தி?" என்று போனில் பொரிந்து தள்ளினாள்.

இலக்கணப்படி ஒரு தப்பும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலிலேயே இருக்கிறது. 'இரு' என்றால் தம்பிக்கு, 'இருங்க' என்றால் பெரியவருக்கு. ஆங்கில வினைக்கு அந்த வால் கிடையாது. சின்னப் பையனுக்கும் வெயிட்தான், மாவட்ட ஆட்சியருக்கும் வெயிட்தான். 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அது ஏவலாகத்தான் நிற்கும். ஏடிஎம் திரையில் வரும் வாசகம் போல ஒலிக்கும்.

அந்தச் சொல்லின் பூர்வீகமும் சுவையானது. வடபிரான்சில் வழங்கிய பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய ஜெர்மானிய வேருக்குக் கண்காணிப்பது, காவல் இருப்பது என்று பொருள். கைக்கடிகாரத்தைக் குறிக்கும் 'வாட்ச்', விழித்தெழுவதைக் குறிக்கும் 'வேக்' இரண்டும் இதற்குப் பங்காளிகள். இன்று தோசை கொண்டுவரும் 'வெயிட்டர்' ஒரு காலத்தில் காவற்காரரைக் குறித்த சொல்.

தமிழும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. காத்திரு என்பதைப் பிரித்தால் காத்து + இரு. கா என்றால் காவல் செய். காவலர், காப்பு, காவல்காரன் எல்லாம் அந்த வேர்தான். இலவு காத்த கிளியை நினைத்துப் பாருங்கள். அது காயைக் காவல் காத்ததா, பழுக்கும் என்று காத்திருந்ததா? இரண்டும்தான்.

சரி, மேசைக்குப் பின்னால் நிற்பவள் என்னதான் சொல்வது? ஆங்கிலத்தில் வால் இல்லாததால் மரியாதையை வாக்கியத்தின் அமைப்பில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு வழி, நேரத்தைச் சுருக்கிக் காட்டுவது: 'ஒன் மொமண்ட், ப்ளீஸ்'. இடைக்கால ஐரோப்பாவில் 'மொமண்ட்' ஓர் அளவாகவே இருந்தது, ஒரு மணியில் 40-இல் ஒரு பங்கு. இன்றைய கணக்கில் சுமார் 90 வினாடி. நம் 'வினாடி'யும் இப்படித்தான்: பழைய கணக்கில் 60 வினாடி ஒரு நாழிகை, நாழிகை 24 நிமிடம், ஆக ஒரு வினாடி 24 செகண்ட். 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்களோ!

இன்னொரு வழி, ஏவலைக் கேள்வியாக்குவது: 'குட் யூ கிவ் மீ எ மினிட்?' மூன்றாவது வழி எதிராளியை விட்டுவிட்டுத் தன்னைப் பற்றிப் பேசுவது: 'ஐ வில் பி ரைட் வித் யூ'. கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும் இதுதான் கச்சிதம். இதற்கு நேரான தமிழ் 'இதோ வந்துட்டேன்'. இன்னும் எழுந்தே இருக்க மாட்டோம், இறந்தகாலத்தில் சொல்லிவிடுவோம். இந்த இறந்தகாலத்தை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் வினை.

'வெயிட் எ மினிட்' வேண்டாம் என்றும் அவளிடம் சொன்னேன். தொனி கொஞ்சம் மாறினால் அது 'ஏய், நில்லு, கணக்கு இடிக்குதே' என்றாகிவிடும். 'ஹேங் ஆன்' நண்பர்களுக்கு மட்டும். போனில் 'ஹேங் ஆன்' என்றால் இருங்கள், 'ஹேங் அப்' என்றால் இணைப்பைத் துண்டிப்பது. ரிசீவரைக் கொக்கியில் மாட்டினால் லைன் அறுந்துபோன காலத்து மிச்சம் இரண்டாவது.

எனக்குப் பிடித்தது 'பேர் வித் மீ'. கணினி சுற்றிக்கொண்டே இருக்கும்போது சொல்வது. 'பேர்' என்றால் சும, தாங்கு. எழுத்துப் பிசகி bear என்பதை bare என்று எழுதினால் 'என்னோடு சேர்ந்து ஆடையைக் களையுங்கள்' என்று அர்த்தமாகிவிடும், மின்னஞ்சலில் கவனம். இதற்கு அச்சுவார்த்தது போலத் தமிழில் 'பொறு' இருக்கிறது. பாரம் பொறுப்பதும், பிழை பொறுப்பதும், நேரம் பொறுப்பதும் நமக்கு ஒரே வினை. யாழ்ப்பாணத்தில் இன்றும் வாய் நிறையக் 'கொஞ்சம் பொறுங்கோ' என்பார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் 'செத்த இருங்கோ'. அது 'சற்றே' மருவியது, பயப்பட வேண்டாம்.

'வெயிட் பண்ணுங்க' என்பதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால் நான் ஒன்றைச் சொல்ல மாட்டேன். திரையில், பலகையில் 'காத்திருக்கவும்' பொருந்தும். போனில் 'லைன்ல இருங்க' என்று சொல்லிப் பழகிவிட்டோம். எழுதும்போது 'இணைப்பில் இருங்கள்'. தாமதம் நம்முடையது என்றால் 'சற்றுப் பொறுங்கள்'. நேரில் 'கொஞ்சம் இருங்க' போதும். 'தயவுசெய்து' தேவையே இல்லை, அந்த 'ங்க' பார்த்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் பக்கம் மணி அடித்தது. "சித்தி, இரு" என்றாள். எனக்கு 'ங்க' கிடையாது.