பரிசம்: ‘மணமகள் விலை’யும் அல்ல, வரதட்சணையும் அல்ல

உகாண்டாவின் உச்ச நீதிமன்றம் 2015இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. கல்யாணம் முறிந்தால், மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பு வாங்கிய மாட்டையும் பணத்தையும் பெண் வீட்டார் திருப்பித் தந்தாக வேண்டும் என்ற வழக்கம் செல்லாது என்பது தீர்ப்பு. திருப்பித் தர வழியில்லாத பெற்றோர், ‘எப்படியாவது அனுசரித்துப் போ’ என்று மகளைத் திருப்பி அனுப்பிவிடும் கொடுமைக்கு அது முடிவு. இதையே தமிழில் ‘வரதட்சணையைத் திருப்பித் தரத் தேவையில்லை’ என்று எழுதினால் என்ன ஆகும்? போட்ட நகையைப் புருஷனே வைத்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டதாக நம்மூர் வாசகர் நினைப்பார். பெண்ணுக்குச் சாதகமான தீர்ப்பு, ஒரே சொல்லால் ஆணுக்குச் சாதகமாகிவிடும்.

தென்னாப்பிரிக்காவின் லோபோலாவுக்கு வரதட்சணை, சீனாவின் சைலிக்கு வரதட்சணை. ஆவணப்படக் குரலிலும் செய்திக் கட்டுரையிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இரண்டுமே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குக் கொடுப்பவை. அதற்குத் தமிழில் பெயர் இருக்கிறது: பரிசம். சில இடங்களில் பரியம் என்பார்கள்.

பரிசு, பரிசில் ஆகியவற்றோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டி நிற்கும் சொல் இது. ஸ்பரிசத்தோடு முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதில் ருசி இல்லை. வரதட்சணை என்பது வரனுக்குத் தரும் தட்சிணை. மகளைத் தானம் கொடுக்கும்போது, எந்தத் தானத்துக்கும் வைப்பதுபோலக் கூட வைக்கும் தட்சிணை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் பணம். சரி, வேர் ஆராய்ச்சி இவ்வளவு போதும்.

கொஞ்சம் விவரம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வரதட்சணையைத் தவிர்த்துவிட்டு, ‘மணமகள் விலை’ என்று எழுதுகிறார். ‘பிரைட் பிரைஸ்’ என்ற ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து வைத்தது. அந்த ஆங்கிலச் சொல்லே ஆகாது, கொடுக்கல் வாங்கலை விற்பனையாகக் காட்டுகிறது என்று மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிட்சர்ட் 1931இலேயே எதிர்த்து எழுதி, செல்வம் என்ற பொருள் வரும் வேறு சொல்லை முன்வைத்தார். துறைக்காரர்களும் பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை நாம் இப்போது எடுத்து மாட்டிக்கொள்கிறோம். கலித்தொகையில் ஏறு தழுவும் பாட்டிலேயே ‘எங்கள் ஆயர் விலை வேண்டார்’ என்று வருகிறதே, விலை நம் பழஞ்சொல்தானே என்று கேட்கலாம். பழையதுதான். ஆனால் இன்று விலை என்றால் கடைதான் நினைவுக்கு வருகிறது. கூடவே ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பாட்டில் விலை என்ற சொல் வருவதே ‘வேண்டாம்’ என்று சொல்லத்தான்.

அடுத்து வருவது மணக்கொடை. தனித்தமிழ் அன்பர்களுக்குப் பிடித்த சொல், எனக்குத்தான் ஆகவில்லை. வரதட்சணை வடசொல், ஆகவே மணக்கொடை என்கிறார்கள். அதே மணக்கொடை குர்ஆன் தமிழாக்கங்களில் மஹரைக் குறிக்கிறது. மஹர் மணமகன் மணமகளுக்கே கொடுப்பது, அவள் சொத்து. ஆக, பெண் வீட்டில் கறப்பதற்கும் பெண் கையில் கொடுப்பதற்கும் ஒரே பெயர். எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாத சொல்லை வைத்துக்கொண்டு சட்டம் எழுத முடியுமா, வழக்கு நடத்த முடியுமா? கொடை என்பது கேட்காமல் மனம் உவந்து கொடுப்பது. ‘நாங்க எதுவும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறீங்க’ என்று சோபாவில் சாய்ந்துகொண்டு சொல்கிற மாமனாருக்கு இதைவிடத் தோதான சொல் கிடைக்காது. வரதட்சணைக்கு 1961இல் தடைச் சட்டம் வந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்கும் சொல்லுக்குத் தூய தமிழ்ப் பெயர் சூட்டி வெளியே விட வேண்டுமா? வடசொல்லாகவே கிடக்கட்டும்.

சீதனம் என்று போட்டுவிட்டால் தீர்ந்தது என்பாரும் உண்டு. அது ஸ்திரீதனம், பெண்ணின் உடைமை. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டத்தில் சீதனம், முதுசம், தேடியதேட்டம் எல்லாம் தனித்தனிச் சொத்து வகைகள். பெண் பேரில் எழுதுவது சீதனம். மாப்பிள்ளை வீட்டார் வாங்கிக்கொள்ளும் ரொக்கத்தை அங்கே ‘டொனேசன்’ என்கிறார்கள். அந்தத் துல்லியம் நம் அகராதிக்காரர்களுக்கு இல்லை.

பரிசம் என்ற சொல் கைக்கு வராததற்குக் காரணம், பரிசம் போடுகிற வழக்கமே தலைகீழானதுதான். பெண்ணும் காட்டில் இறங்கி வேலை செய்த பல சாதிகளில், அவளை அழைத்துப் போகிறவன் அவள் வீட்டுக்குப் பணம் தந்தான். பிராமணரிடமும் இது இருந்தது. வேலூர் பக்கம் விரிஞ்சிபுரம் கோயிலில், விஜயநகரத் தேவராயர் காலத்து 1425ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இனிக் கன்னிகாதானமாகவே கல்யாணம் நடக்க வேண்டும், பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு உள்ளாவார்கள், பிராமணியத்துக்கும் புறம்பாவார்கள் என்கிறது. தடை போட்டு நிறுத்தும் அளவுக்கு அது புழங்கியிருக்கிறது! அப்புறம் படிப்பும் மாதச் சம்பளமும் வந்தன. சர்க்கார் வேலைக்காரனுக்குப் போட்டி வந்தது, பணம் திசை மாறியது. முதலில் மேல்சாதியில் மாறியதை, கௌரவம் என்று மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

வினைச்சொல் மட்டும் மாறவில்லை. பாட்டி காலத்தில் ‘பரிசம் போட வந்தார்கள்’. இப்போது ‘எத்தனை பவுன் போடுவீங்க?’ அன்று போட்டது மாப்பிள்ளை வீட்டார், இன்று போடுவது பெண் வீட்டார். வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழத்தோடு பரிசப் பணத்தை வைத்துப் பெரியவர்கள் முன்னால் மாற்றிக்கொண்ட தாம்பாளத்தில், இன்று பல வீடுகளில் ஒரு பட்டுப் புடவையும் ஒப்புக்கு ஒரு தொகையும்தான் இருக்கின்றன. பத்திரிகையிலோ ‘நிச்சயதார்த்தம்’ என்று அச்சாகிறது. பரிசம் என்று போட்டால் பட்டிக்காடு என்று நினைப்பார்களாம்.

பத்திரிகை ஆசிரியர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: பரிசம் வட்டார வழக்கு, எல்லாருக்கும் புரியாது. எல்லாருக்கும் புரிகிற வரதட்சணையைப் போட்டால் உகாண்டா தீர்ப்பு தலைகீழாகப் புரிகிறதே, அது பரவாயில்லையா? முதல் முறை வருகிற இடத்தில் ‘மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசம்’ என்று மூன்று சொல்லைச் சேர்த்து எழுதினால் போதும். லோபோலாவுக்கும் சைலிக்கும் அதுதான் சரி. மஹரை மஹர் என்றே விடலாம். தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.